முடக்கு வீட்டு மதிலும் தனுஷாவின் குடியியற் போட்டியும்

இணுவில்
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள மகன் நிருஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் எழும்பி நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லாக இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். ரெலிபோன் இருக்க இந்த மனுசி ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். ரெலிபோனில் நீ கதைக்கிறாய், நான் கேட்கிறேன், நான் வாய் திறந்தால் நெற் இல்லை என்கிறாய், படம் அப்படியே நிற்கிறது, பிறகு உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடதாசியை நடுவில் வெட்ட முடியாது. சோமசேகரம் மாமாவின் மகள் நாளைக்குப் பிளேன் ஏறுகிறாள், வியாழக்கிழமை உன்னிடம் கொண்டுவந்து தருவாள். மிளகாய்த்தூளும் பனை ஒடியல் மாவும் சேர்த்து அனுப்புகிறேன், தூளை உடனே போத்தலில் கொட்டி வை, பையோடு வைத்தால் வண்டு பிடிக்கும். ஆனால் முதலில் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசி, அதுவரை போனைத் தொடாதே.

அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஆனால் சந்திக் கடையில் ஒளித்து வாய்ப்பன் தின்பது நின்றபாடில்லை, சட்டைப் பையில் எண்ணெய்ப் பொட்டைப் பார்த்துத்தான் நான் பிடிக்கிறது. வெங்காயம் இந்த முறை பரவாயில்லை, அழுகல் குறைவு. நீ வந்தபோது வைத்த கறுத்தக்கொழும்பான் மாங்கன்று தளிர்த்திருக்கிறது, ஆடு கடிக்காமல் தகரம் சுற்றி விட்டிருக்கிறேன். உன் தங்கச்சி நெடுநெடு என்று வளர்ந்துவிட்டாள், போன வருடத்துச் சட்டை ஒன்றும் இப்போது அளவில்லை. இப்படியே நல்ல செய்தியாக எழுதிக்கொண்டு போகத்தான் எனக்கும் ஆசை. ஆனால் தம்பி, மூன்று கிழமையாக எனக்கு இந்தச் சனத்தைப் பார்க்க ஓங்காளித்துச் சத்தி வருகிறது. வெள்ளையும் சள்ளையுமாக உடுத்திக்கொண்டு பெரிய மனிதர் என்று திரிகிறவர்களைக் கண்டால் ஊத்தையை மிதித்த மாதிரி இருக்கிறது. அந்தக் கணக்கில் நீயும் கொஞ்சம் சேர்த்தி, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் கண்டறியாத ஒரு போட்டியால் வந்த வினை. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியியற் போட்டி என்று ஒன்று வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழு, முதலில் வலயமட்டம், அதில் வென்றால் மாகாணமட்டம். கேள்வி பதில் ஒரு பகுதி. மற்றப் பகுதியில் பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பொதுப் பிரச்சினையைத் தாங்களே தேடிப் பிடித்து, அது எப்படி வந்தது, யார் பொறுப்பு, எப்படித் தீர்க்கலாம் என்று மேடையில் சொல்லவேண்டும். எங்கள் தனுஷாவும் அவளுடைய சிநேகிதி றொசாந்தியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஒரு குழு. படிப்பிக்கிறவர் கிறிஸ்ரோபர் சேர் என்று புதிதாக வந்த இளம் பொடியன், நல்ல பிள்ளை, முள்ளந்தண்டு மட்டும் கொஞ்சம் மெல்லிசு. மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் டெங்கு, பொலித்தீன் என்று எடுக்க, எங்கள் பிள்ளைகள் எங்கள் ஒடுங்கின தெருவை, இந்த ஒழுங்கையை எடுத்தார்கள். கடைசி வீட்டுக் கனகரத்தினம் அண்ணை போன மாரியில் குளியலறைக்குள் விழுந்தார் என்று உனக்குப் போனில் சொன்னேன், முழுக்கதையையும் சொல்லவில்லை. அன்றைக்கு அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. வந்து ஒழுங்கை வளைகிற எங்கள் வீட்டு முடக்கில் நின்றுவிட்டது. முன்னுக்கு எடுத்துப் பார்த்தார்கள், பின்னுக்கு எடுத்துப் பார்த்தார்கள், எங்கள் கேற்றுத் தூணில் உரசிக்கொண்டு நின்றதே தவிரத் திரும்பவில்லை. கடைசியில் அந்த மனிசனைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, சேலையால் கட்டி, மழைக்குள்ளால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உன் தங்கச்சி தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு கூட ஓடினாள். உயிர் தப்பிவிட்டது, ஆனால் ஒரு பக்கம் வழங்காது, வாயும் கோணிவிட்டது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு இழுத்திராது என்று டொக்டர் சொன்னாராம். அவருடைய மனிசி நாகேஸ்வரி அக்கா ஒரு நாளும் எங்கள் மதிலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. என்னைக் கண்டால் பேர் சொல்லி, என்ன குணம், சமைச்சாச்சே என்று வழமைபோலத்தான் கேட்பா. அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கிய விதத்தைக் கேள். ஒழுங்கை முந்தி எவ்வளவு அகலம் என்று ஊரில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, அவரவர் தன் வீட்டுக்கு வசதியான கணக்கைச் சொன்னார்கள். தனுஷா ஒரு நாள் நான் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் வந்து நின்று, அம்மா, நீங்கள் சவுக்காரம் வைக்கிற உந்தப் பூவரசங் குத்தி முந்தி வேலிக் கதியால்தானே என்று கேட்டாள். ஓமடி, அதுதான் எங்கடை பழைய வேலி என்றேன். அப்படியெண்டால் மதில் ஏன் அதுக்கு வெளியாலை நிக்குது என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கு நினைவிருக்கும், எங்கள் ஊரில் ஒருவரும் வேலியை வெட்டிப்போட்டு மதில் கட்டுவதில்லை, மதில் எழும்பும்வரை வளவு திறந்து கிடந்தால் ஆடு மாடு வரும் என்று வேலியை அப்படியே விட்டு, அதற்கு வெளியே அத்திவாரம் வெட்டி, மதில் முடிந்த பிறகுதான் வேலியை வெட்டுவார்கள், அடிக் குத்தி மட்டும் மிஞ்சும். நானும் என் பயிற்றங் கன்றுக்காக அதைத்தான் மேசன் கொலின்ஸிடம் சொன்னேன். ஒழுங்கையில் உள்ள அத்தனை வீடும் இரண்டு பக்கத்தாலும் இப்படித்தான் ரோட்டுக்குள் வந்தது, ஒருவனும் தன்னைக் கள்ளன் என்று நினைக்கவில்லை. பிள்ளைகள் வளவு வளவாகப் போய், மதிலுக்கு உள்ளே கிளுவைக் குத்தியும் பூவரசங் குத்தியும் தேடி, குத்தியிலிருந்து மதிலுக்கு அளவு நாடா பிடித்து அளந்து படம் கீறினார்கள். வீட்டுக்காரர் பெயர் போடவில்லை, நம்பர் மட்டும். பன்னிரண்டு அடியாக இருந்த ஒழுங்கை. எல்லோருடைய மதிலும் ஓர் அடி, ஒன்றரை அடி வெளியே. ஆறாம் நம்பர் வீடு மட்டும் மூன்றரை அடி, அதுவும் முடக்கில். அது எங்கள் வீடு. அந்த மிச்ச இரண்டடி எப்படி வந்தது என்று எழுதிக்காட்டத் தேவையில்லை. வீடியோக் கோலில் கொலின்ஸுக்கு, தூணை இன்னும் கொஞ்சம் வெளியாலை தள்ளு, வளவுக்குள்ளை கார் வெட்டித் திருப்ப இடம் வேணும் என்று நீ சொன்னது எனக்குக் காதில் இன்னும் இருக்கிறது. எந்தக் கார்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து பத்து நாள் வாடகைக்கு எடுக்கிற கார்.

வலயமட்டப் போட்டிக்குத் தாய்மார் ஆராவது கூட வரவேண்டும் என்று சொன்னதால் நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் நிம்மதி. எட்டு மணிக்குப் பிள்ளைகள் நிற்கவேண்டும் என்றார்கள், நின்றார்கள். பிரதம விருந்தினர் வந்தது பதினொன்றுக்கு. அதுவரைக்கும் வெயிலில் வாசலில் இருந்து மண்டபம் வரை இரண்டு பக்கமும் பிள்ளைகள், கையில் மாலை, முன்னால் பான்ட் வாத்தியப் பிள்ளைகள் கழுத்து இறுகிய உடுப்போடு. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் தேடினால், போத்தல் எல்லாம் மேடைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார்களாம். நான் போய் மேடை மேசையில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன், ஒரு ரீச்சர் ஓடிவந்து, அம்மா அது விருந்தினருக்கு என்றா. பிள்ளை விழுந்து கிடக்குது, உங்கடை விருந்தினர் இன்னும் நித்திரையாலை எழும்பேல்லைப் போல என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு அந்தத் துரை வந்து இறங்க, மாலை என்ன, பொன்னாடை என்ன, விளக்கேற்ற ஆராரைக் கூப்பிடுவது என்று மேடையில் ஒரு இழுபறி என்ன. ஏற்றி முடிந்தபின் முக்கால் மணித்தியாலம் பேசினார், என்ன பேசினார் தெரியுமா, சிறுவர் உரிமை. எனக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

போட்டி தொடங்கினால் அதைவிட அரியண்டம். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஜனநாயகத்தைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறது, கீழே முன்வரிசையில் அதன் ரீச்சர் அதே வசனங்களுக்கு வாயசைத்துக்கொண்டு இருக்கிறா. நடுவர், உங்கடை ஊர்ப் பிரதேச சபைக் கந்தோர் எங்கை இருக்கு மகள் என்று கேட்டார், பிள்ளை திரும்பி ரீச்சரின் வாயைப் பார்த்தது. கேள்வி பதிலில் ஒரு சேர் மூக்கைச் சொறிந்தால் முதல் விடை, காதைச் சொறிந்தால் இரண்டாம் விடை. நேர்மை என்பது நற்குடிமகனின் பண்பு என்ற கேள்விக்கும் மனிசன் காதைச் சொறிகிறார். தனிவகுப்பு ரியூட்டறி நடத்துகிற ஒருவர் வெளியில் மேசை போட்டுக் குடியியல் வினா வங்கி என்று புத்தகம் விற்கிறார், தாய்மார் அடிபட்டு வாங்குகிறார்கள். படிப்பது தேவாரம் இடிப்பது சிவன்கோயில் என்று முந்தி சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் மண்டபம் நிறையக் கண்டேன். பிள்ளைகளைக் குற்றம் சொல்லமாட்டேன். அதுகளின் வாயில் ஊத்தையை ஊற்றிவிட்டு நல்லாகப் பேசுகிறது என்று கைதட்டுகிற எங்களைத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் பிள்ளைகள் கடைசியாக ஏறினார்கள். பாடமாக்கவில்லை, படத்தை மாட்டிவிட்டு, கண்டதைச் சொன்னார்கள். கதிரையில் தூக்கிக்கொண்டு வந்த கதையை றொசாந்தி சொன்னாள். குத்தி பார்த்து அளந்த விதத்தை உன் தங்கச்சி சொன்னாள். அந்த நடுவர் வயதான மனிதர், நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டு, அப்ப உங்கடை ஒழுங்கையிலை ஆர் மகள் கூடப் பிடிச்சது என்று பகிடியாகக் கேட்டார். ஆறாம் நம்பர் வீடு என்றாள். அது ஆரின்ரை வீடு என்றார். கிறிஸ்ரோபர் சேர் கீழே இருந்து தலையை ஆட்டுகிறார், சொல்லாதே என்று. தனுஷா ஒரு கணம் என்னைப் பார்த்தாள் ராசா. நான் கண்ணை எடுக்கவில்லை. எங்கடை வீடு சேர், அண்ணை கட்டின மதில் என்றாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாம் இடம் எங்கள் பிள்ளைகளுக்கு. நான் அழுதேன், ஓம், அழுதேன்தான்.

அதோடு நல்லது முடிந்தது. அடுத்த நாளே ஒழுங்கை முழுக்கக் குசுகுசுப்பு. மூன்றாம் நம்பர் வீட்டு மதில், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் சங்கத்துப் பெரியவருடையது, பள்ளிக்கூடத்துக்குப் புதிய மண்டபம் கட்டித் தருகிறவர் அவர். அதிபர் என்னைக் கூப்பிட்டார். பிளேன்ரீ வந்தது, பிஸ்கட் வந்தது, அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை கெட்டிக்காரி அம்மா, ஆனால் மாகாணமட்டத்துக்கு வேறை தலைப்பு எடுப்பம், டெங்கு நல்ல தலைப்பு, ஒருத்தருக்கும் மனவருத்தம் வராது என்றார். டெங்கு நுளம்புக்கு வெளிநாட்டிலை சங்கம் இல்லைத்தானே சேர் என்று கேட்டேன். மனிசன் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். கிறிஸ்ரோபர் சேரிடம் கேட்டால், எனக்கு இடமாற்றம் போட்டிடுவினம் அக்கா, அம்மா தனிய இருக்கிறா என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது, ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னதற்கு ஒரு சேர் நடுங்கவேண்டி இருக்கிறது. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, வீட்டுக் குப்பையைச் சபையிலை கொட்டுற பிள்ளையை எப்பிடி வளத்திருக்கினம் என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார். அவருடைய மதிலும் ஒன்றரை அடி வெளியே நிற்கிறது. சீ, என்ன பிறவிகள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். போன வியாழக்கிழமை பின்னேரம் நீ எடுத்தாய் பார், அதுதான் தாங்கமுடியவில்லை. ஆரோ வட்ஸ்அப்பில் உனக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீ என்னோடு கதைக்கவில்லை, நேரே அவளைக் கேட்டாய், அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்று உனக்குத் தெரியாது. நான் குளிருக்கை நிண்டு உழைச்சுக் கட்டின மதிலை மேடையிலை ஏறிக் கள்ள மதில் எண்டு சொல்ல உனக்கு ஆர் வாய் தந்தது, எங்கடை மானத்தை வாங்கிப்போட்டாய், மாகாணமட்ட மேடையிலை ஏறினால் அண்ணை எண்டு என்னைக் கூப்பிடாதை என்றாய். நிருஷன், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற சொல்லா அது? நீ வெளிநாடு போகும்போது அவள் மடியில் இருந்த குழந்தை. உன்னைக் கூடுதலாகப் படத்திலும் போனிலும் பார்த்து வளர்ந்தவள், என் அண்ணை, என் அண்ணை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். உன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஹோட்டல் குசினியில் நீ நின்று வெந்தது எனக்குத் தெரியும், அந்தக் கை காய்ப்பை நினைத்து நான் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் நீயே ஒருமுறை எனக்குச் சொன்னாய், உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருடைய பச்சை வேலி நடைபாதைக்குக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றதென்று நகரசபையில் இருந்து கடிதம் வந்ததாம், அடுத்த நாளே கிழவர் கத்தரிக்கோலோடு நின்றாராம். இஞ்சத்தைச் சனம் எப்பிடி அம்மா, சட்டம் எண்டால் சட்டம் என்று பெருமையாகப் புகழ்ந்து சொன்னாய். அங்கே இருக்கும்போது நல்ல குடிமகன், இங்கே வீடியோவில் ரோட்டைப் பிடிக்கிற துரை. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை என்று எழுதக் கை வருகிறது, ஆனால் ஊர் முழுக்க அப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டாள். அடுத்த நாள் சேரிடம், நான் போகேல்லை சேர், றொசாந்தியை விடுங்கோ, டெங்கு எண்டாலும் பரவாயில்லை என்றிருக்கிறாள். அண்ணை உழைச்சது எல்லோ அம்மா, நான் சொன்னது பிழைபோலை என்று என்னிடம் கேட்டாள். கேட்டதும் எனக்கு வந்த அருவருப்பை நான் எதைக்கொண்டு கழுவுவது? ஒரு ஊரே சேர்ந்து, அதிபரும் சங்கமும் சொந்த அண்ணையும் சேர்ந்து, உண்மை சொல்வது பிழை என்று ஒரு பிள்ளைக்குப் படிப்பித்து முடித்துவிட்டோம். இதற்கு ஏன் ஒரு போட்டி, இதற்கு ஏன் ஒரு பாடம்?

இனி நான் சொல்லப்போவதை இருந்து வாசி. போன சனிக்கிழமை காலமை நான் அப்பாவிடம், இந்த மதில் இஞ்சை நிக்கிற வரைக்கும் என்ரை பிள்ளை தலை நிமிரமாட்டாள் என்றேன். அப்பாவை உனக்குத் தெரியும், ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். தேத்தண்ணியைக் குடித்தார், பின் கொட்டிலுக்குள் போய் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார், போய்க் கேற்றுத் தூணில் ஒரு போடு போட்டார். பிறகுதான் கொலின்ஸைக் கூப்பிட்டோம். கட்டினவனைக் கொண்டே உடைப்பித்தோம். அக்கா, தம்பியிட்டைக் கேட்டனீங்களோ, என்ரை பேர் கெடப்போகுது என்று தலையைச் சொறிந்தான். கட்டேக்கை ஒழுங்கையிட்டைக் கேட்டனியோ என்றேன், அலவாங்கை வாங்கி உடைத்தான். ஆம், தம்பி, தூண் இரண்டும் முடக்கு மதிலும் இப்போது இல்லை. நீ பாசல் போட்டு அனுப்பிய அந்தப் பெரிய கேற் வளவுக்குள் சாய்ந்து நிற்கிறது. பூவரசங் குத்தியில் இருந்து நேரே கயிறு பிடித்து, அந்தக் கோட்டில் இப்போதைக்குத் தகரத்தால் அடைத்திருக்கிறோம். பார்க்க வடிவில்லைத்தான். ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்து பார்த்தது, விசர் பிடிச்சிட்டுது என்று சொன்னவரும் உண்டு, ஒருவரும் தங்கள் மதிலில் ஒரு கல் எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் நேற்று வந்தார்கள் பார், அதிபரும் இன்னும் இரண்டு பேரும், பெரிய பதாகையோடு. குடியியல் விழிப்புணர்வுச் செயற்திட்டம் என்று பதாகையில் பள்ளிக்கூடத்துப் பெயர். மிச்சம் ஏதும் உடைக்க இருக்குதோ அம்மா என்று கேட்கிறார், பிரதம விருந்தினர் பின்னேரம் வருவாராம், அலவாங்கைப் பிடித்தபடி தனுஷாவோடு ஒரு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடவேண்டுமாம். டெங்கு எடுக்கச் சொன்ன அதே வாய், தம்பி! உடைக்கிறதுக்கு மூண்டாம் நம்பர் வீட்டு மதில் இருக்கு சேர், அலவாங்கு வேணுமெண்டால் தாறன் என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். அந்த மனிசன் போன பிறகு முற்றத்தைக் கழுவ வேண்டும் போல இருந்தது, உண்மையாகக் கழுவியும் விட்டேன்.

இன்றைக்குக் காலமை ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கனகரத்தினம் அண்ணையைக் கிளினிக் கொண்டுபோக வான் வந்தது. இவ்வளவு காலமும் அவரைக் கதிரையில் இருத்தி முடக்கு வரைக்கும் தூக்கி வருவது வழக்கம். இன்றைக்கு வான் முடக்கில் மெல்லத் திரும்பி நேரே அவருடைய படலைக்குப் போனது. அவரை ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது எங்கள் தகர வேலிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாராம். வழங்குகிற கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தனுஷாவைக் கூப்பிட்டார், ஏதோ சொன்னார், வாய் கோணல், எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாகேஸ்வரி அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெட்டிக்காரி எண்டு சொல்லுறார் பிள்ளை என்றா. அவள் உள்ளே போய் அலுமாரிக்கு மேலே இருந்த படத்தை எடுத்து விரித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போக முந்தி றொசாந்தியும் வந்தாள், இரண்டு பேரும் அளவு நாடாவைக் கொண்டுபோய்ப் புதிதாக அளந்தார்கள். படத்தில் ஆறாம் நம்பர் வீட்டுக்கு நேரே இருந்த மூன்றரை அடி என்ற பழைய அளவைத் தனுஷா அழித்துவிட்டாள். புதியதை எழுதவில்லை. ஏனடி என்று கேட்டேன். அது அண்ணையின்ரை மதில் அம்மா, அண்ணை சொன்னால்தான் எழுதுவன் என்றாள். அந்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

தூணில் பதித்திருந்த, உன் பெயர் வெட்டிய மாபிள் கல்லை உடைக்க விடவில்லை. கொலின்ஸைக்கொண்டு பக்குவமாகக் கழற்றிப் பூவரசங் குத்தியில் சாத்தி வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. நீ வரும்போது புது மதில் கட்டுவோம், குத்திக்கு உள்ளே, கல்லை எந்த இடத்தில் பதிப்பது என்று நீயே நின்று சொல்லு. கார் பெரிய ரோட்டில் நிற்கட்டும், அதற்குக் குளிராது. கோபம் வந்தால் என்னோடு கோபி, நான் தாங்குவேன். அப்பா சொல்லச் சொன்னது, முதல் போடு தான்தான் போட்டதாம், கொம்மாவை ஏசவேண்டாமாம். நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளிக்கிடு, வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே. கந்தன் உனக்குத் துணையாக நின்று நீண்ட ஆயுளும் நல்ல மனமும் தரட்டும், முக்கியமாக இரண்டாவதை.

மறந்துவிடாதே, மாகாணமட்டப் போட்டி இந்தச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலோடு இருப்பாள். தங்கச்சிக்கு எடு, ஆறாம் நம்பர் வீட்டுக்கு என்ன எழுதவேண்டும் என்று நீ சொல்லு.

உன் நல்வாழ்வையே நினைத்திருக்கும்
அம்மா
குணலட்சுமி